ஆகஸ்ட் 15க்கு மூவர்ண இனிப்பு, 180 பேருக்கு: வெள்ளை வெள்ளையாகவே இருக்க என்ன வழி?

கொங்கு அடுப்படி:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து கோவையில் வீட்டிலிருந்தே சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறோம். வளைகாப்பு, காதுகுத்து, பிறந்த நாள் என்று 50, 60 பேரைத் தாண்டியதில்லை. இப்போது ஒரு அபார்ட்மென்டில் சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடித்ததும் காலை டிபன் கேட்டிருக்கிறார்கள், 180 பேர். பொங்கல், இட்லி, வடைக்கெல்லாம் எனக்குப் பயமே இல்லை, சாம்பார் எங்கள் கைக்குப் பழகியது. இனிப்பு மட்டும் மூவர்ணத்தில் வேண்டும் என்கிறார்கள். அசோசியேஷன் செயலாளர் அதோடு நிற்காமல், கேக் ஒன்றும் வேண்டும், நடுவில் அசோகச் சக்கரமும் வேண்டும், அதை ஒரு பெரியவரை வைத்து வெட்டலாம் என்று வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அட்வான்ஸ் வாங்கியாச்சு.

பயம் எதற்கென்றால், போன ஜனவரி 26க்கு 40 பேருக்கு இதே வேலையைச் செய்து நன்றாக அசிங்கப்பட்டேன். மூன்று அடுக்குத் தேங்காய் பர்ஃபி. மேலே கேரட், நடுவில் வெறும் தேங்காய், கீழே பசலைக்கீரைச் சாறு. பாகு பூத்துச் சர்க்கரையாக உறைந்துவிடக் கூடாதே என்று மூன்றிலும் எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டேன், நல்ல மணமான நெய்யாகப் பார்த்து ஊற்றினேன், ஏலக்காய்ப் பொடியும் தாராளமாகப் போட்டேன். ராத்திரி பார்க்கும்போது சுமாராகத்தான் இருந்தது, காலையில் எடுத்தால் பச்சை வெந்த கீரைத்தண்டு நிறம், வெள்ளை பழுப்பு, அதிலும் மேல் பாதி ஆரஞ்சு இறங்கித் திட்டுத் திட்டாக. சங்குப்பூவைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றில் சக்கரம் வரைந்திருந்தேன், அது ஊதாவாகிவிட்டது. ஒரு தாத்தா எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்த நாட்டுக் கொடிம்மா?" என்று நிஜமாகவே கேட்டார். கிண்டல் இல்லை, அவருக்குத் தெரியவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

கூடவே கடல்பாசியிலும் (அகர் அகர்) மூன்று அடுக்கு செய்து பார்த்தேன். வெட்டினால் சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொரு அடுக்கும் தனியாக வழுக்கிக்கொண்டு போனது.

கலர் பொடி போடாமல் இதைச் செய்ய முடியுமா? போட்டே தீர வேண்டுமென்றால் எவ்வளவு? அப்புறம் அந்தக் கேக்கில் சக்கரம் போடலாமா கூடாதா? எங்கள் மூன்று பேருக்குள்ளேயே இதில் மூன்று கட்சி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய உருளி:

தங்கச்சி, நான் 30 வருஷத்துக்கு மேல் இனிப்பு மாஸ்டராக இருந்தவன், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான், நான் குறை சொல்கிற வேலை மட்டும் பார்க்கிறேன். மூவர்ண இனிப்பில் எல்லோரும் காவிக்கும் பச்சைக்கும்தான் கவலைப்படுவார்கள். கடினமான நிறம் வெள்ளைதான். காவியும் பச்சையும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் வெள்ளை சரியாக இருந்தால் அவை இரண்டும் தானாகப் பளிச்சென்று தெரியும். வெள்ளை மங்கிவிட்டால் மொத்தத் தட்டும் அழுக்காகத் தெரியும். உனக்கு ஜனவரியில் நடந்தது அதுதான்.

வெள்ளையை முதலில் பார். தேங்காயின் முதுகில் இருக்கிற பழுப்புத் தோலைச் சீவாமல் துருவினால் அந்தத் துணுக்கே நிறத்தைக் கெடுக்கும். சீவு, அப்புறம் துருவு. நெய் பசு நெய்யாக இருந்திருக்கும், மணம் நன்றாக இருக்கும், ஆனால் மஞ்சள். வெள்ளை அடுக்குக்கு எருமை நெய் கேட்டு வாங்கு, கிடைக்கவில்லையென்றால் நெய்யே வேண்டாம், தேங்காயில் இருக்கிற எண்ணெயே போதும், தட்டில் தடவ மட்டும் கொஞ்சம். ஏலக்காய்ப் பொடி போடாதே, அது கரும்புள்ளி மாதிரி தெரியும். நாலு காயை நசுக்கிப் பாகுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடிகட்டிவிடு, மணம் வந்துவிடும். சர்க்கரை வெள்ளைச் சர்க்கரைதான், நாட்டுச் சர்க்கரை போடுகிற ஆசை இருந்தால் வேறு நாளைக்கு வைத்துக்கொள். இரும்புக் கடாய் ஆகாது. அடி கனமான எவர்சில்வர், இல்லாவிட்டால் வெள்ளீயம் பூசிய உருளி. தீ சின்னதாக இருக்கட்டும், அடியில் லேசாகப் பிடித்தாலும் வெள்ளை போச்சு. சிலர் பால்கோவா வைத்து வெள்ளை அடுக்கு செய்யலாம் என்பார்கள், கேட்காதே, பாலைச் சுண்டக் காய்ச்சினால் நிறம் மாறத்தான் செய்யும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு அந்த நிறம்தான் அழகு, உனக்கு இங்கே ஆகாது. வெள்ளையைத் தனியாகக் கிண்டு, சுத்தமான பாத்திரம், சுத்தமான கரண்டி. கேரட் கிண்டிய கடாயைக் கழுவிவிட்டு வெள்ளை கிண்டினால்கூட எனக்கு மனசு ஒப்பாது.

அடுத்தது ஆரஞ்சு இறங்கியது. கேரட்டின் நிறம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, நெய்யில் கரையும். நீ கேரட்டை நெய் விட்டு வதக்கி மேலே வைத்தாய், அந்த நெய் கலரோடு சேர்ந்து வெள்ளையில் இறங்கியது. அதனால் தலைகீழாகக் கட்டு. தட்டில் அடியில் பட்டர் பேப்பர், அதன்மேல் முதலில் கேரட், அதை ஆறவிட்டு வெள்ளை, அதற்கும் மேல் பச்சை. கேரட்டிலிருந்து கசிகிற நெய் அடியிலேயே தங்கிவிடும். மறுநாள் இன்னொரு தட்டை மேலே கவிழ்த்து அப்படியே திருப்பிப்போடு, காவி மேலே வந்துவிடும். பேப்பரை உரி, வெட்டு. கீழே இருக்கிற அடுக்கு கை வைத்தால் ஒட்டக் கூடாது, ஆனால் லேசான சூடு இருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்தது பிடிக்கும். முழுக்க ஆறிவிட்டால் கடல்பாசியில் நடந்ததே இதிலும் நடக்கும்.

அளவு சொல்கிறேன். 12க்கு 18 அங்குலத் தட்டு, மொத்த உயரம் முக்கால் அங்குலம், ஒவ்வொரு நிறமும் கால் அங்குலம். ஒன்றரை அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒரு தட்டுக்கு 96 துண்டு, ஒன்று 30 கிராம் பக்கம் வரும். இரண்டு தட்டு போட்டால் 192. ஒரு தட்டுக்கு ஒவ்வொரு நிறமும் ஏறக்குறைய ஒரு கிலோ, அதற்கு 600 கிராம் துருவலும் அரைக் கிலோ சர்க்கரையும் என்று வைத்துக்கொள். பாகு ஒற்றைக் கம்பி. ஓரம் விட்டு வந்து லேசாக நுரைக்கும்போது இறக்கு.

எலுமிச்சை இல்லாமல் பாகு பூக்காதா என்று கேட்பாய். பர்ஃபிக்குப் பாகு கொஞ்சம் பூத்தால்தான் துண்டு நிற்கும். உனக்கு யார் எலுமிச்சை பிழியச் சொன்னது?

சும்மா எட்டிப் பார்த்தவன்:

சமையல் தெரியாது, சாப்பிட மட்டும் தெரியும், ஒரு சந்தேகம். பர்ஃபியைத் தட்டில் படுக்கப் போட்டால் காவி, வெள்ளை, பச்சை நெட்டுக்குத்தாக நிற்கும், அது ஐவரி கோஸ்ட் நாட்டுக் கொடி. தாத்தா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கொங்கு அடுப்படி:

சிரித்துவிட்டேன், ஆனால் இனிமேல் பர்ஃபியைப் படுக்கப் போட மாட்டேன். மாஸ்டர் அண்ணா, கோடி நன்றி. எலுமிச்சை என் மாமியார் ஜாங்கிரிப் பாகுக்குப் பிழிவார்கள், அந்தப் பழக்கம்தான்.

கீழக்கரைப் பொண்ணு:

அக்கா, கடல்பாசி ஏன் வழுக்கியது என்று யாரும் சொல்லவில்லையே. எங்கள் ஊர்ப் பக்கம் நோன்பு மாதத்தில் கடல்பாசி இல்லாமல் நோன்பு திறப்பதே இல்லை, எங்கள் வீட்டில் நாலு நிறத்தில்கூடப் போடுவோம். நீங்கள் முதல் அடுக்கை ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாக இறுகவிட்டுத்தான் இரண்டாவதை ஊற்றியிருப்பீர்கள். அது தப்பு. மேலே விரலால் தொட்டால் தோல் மாதிரி ஆடை பிடித்திருக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் சூடாக இருக்கிற அடுத்ததை ஒரு கரண்டியின் முதுகில் விழுகிற மாதிரி மெதுவாக ஊற்றணும். நேராக ஊற்றினால் கீழே குழி விழுந்து கலந்துவிடும். இரண்டுமே சூடு குறையாமல் இருந்தால்தான் ஒன்றோடு ஒன்று பிடிக்கும். முதல் அடுக்கு ரொம்ப இறுகிவிட்டது என்றால் முள்கரண்டியால் மேலே லேசாகக் கீறிவிட்டு ஊற்றுங்கள். அடுத்த நிறம் உங்கள் முறை வருவதற்குள் பாத்திரத்திலேயே உறைந்துபோகும், அதைச் சின்னத் தீயில் வைத்துக்கொண்டே இருக்கணும்.

ஒரு லிட்டர் பாலுக்கு 10 கிராம் கடல்பாசி போதும். முதலில் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாகக் கொதிக்கவைத்து முழுக்கக் கரைந்த பிறகு சூடான பாலில் வடிகட்டி ஊற்றுங்கள், பச்சைப் பாலில் ஊற்றினால் நூல் நூலாகத் திரியும். வெள்ளைக்குப் பாலைவிட இளநீரும் தேங்காய்ப் பாலும் சேர்ந்தது அவ்வளவு வெள்ளையாக இருக்கும், வழுக்கைத் தேங்காயையும் நறுக்கிப் போட்டால் சொல்லவே வேண்டாம். காவிக்கு மாம்பழக் கூழ் ஊற்றினால் மஞ்சள்தான் வரும், கூடவே வேகவைத்த கேரட்டை அரைத்து வடிகட்டிச் சேர்த்தால் சரியாக வரும். குங்குமப்பூவும் மஞ்சள்தான் தரும், காவி தராது, அதற்குக் காசைக் கொட்டாதீர்கள். மாம்பழம் புளிப்பு என்றால் கடல்பாசியோடு சேர்த்துக் கொதிக்கவைக்காமல் இறக்கின பிறகு கலக்குங்கள், புளிப்போடு கொதித்தால் இறுகாது.

இன்னொன்று, யாராவது ஜெலட்டின் போடச் சொன்னால் கேட்காதீர்கள். 180 பேரில் சைவம் எத்தனையோ பேர் இருப்பார்கள், அது மாட்டு எலும்பு, பன்றித் தோல் என்று எதிலிருந்து வேண்டுமானாலும் வரும், எங்கள் ஆட்களும் தொட மாட்டார்கள். அதுவும் நம்ம வெயிலுக்கு மேசையிலேயே இளகிவிடும். கடல்பாசி ஒரு தடவை இறுகினால் கிட்டத்தட்ட 85 டிகிரி சூடு வந்தால்தான் உருகும்.

பழைய உருளி:

கீழக்கரைத் தங்கச்சி சொன்னதெல்லாம் சரி. ஆனால் கடல்பாசியை நான் இனிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன், தண்ணீரை வெட்டிக் கொடுக்கிற வேலை அது.

கீழக்கரைப் பொண்ணு:

அண்ணன் ஒரு நாள் முழுக்க நோன்பு இருந்துவிட்டு வந்து இதைச் சொல்லட்டும்.

கொங்கு அடுப்படி:

சண்டை வேண்டாம், இரண்டும் செய்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்குக் கடல்பாசி, பெரியவர்களுக்குப் பர்ஃபி. கலர் பொடி விஷயம் மட்டும் யாராவது சொல்லுங்கள். எங்களோடு இருக்கிற அக்கா, மார்க்கெட்டில் சில்லறையாகப் பொட்டலம் கட்டித் தருகிற பச்சைப் பொடியை ஒரு சிட்டிகை போட்டால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்கிறார்.

வெள்ளைக் கோட்டு:

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், அந்தப் பொட்டலத்தை மட்டும் தொட்டுவிடாதீர்கள். லேபிள் இல்லாத பொடியில் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரியாது. துணிக்குப் போடுகிற சாயம் உணவுக்குள் வருவது இந்த வழியில்தான். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்களே, அது ரோடமின் பி என்ற சாயம் இருந்ததால். மஞ்சளில் மெட்டானில் எல்லோ என்று இன்னொன்று, அதுவும் அனுமதி இல்லாதது.

இந்தியாவில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் மொத்தம் 8தான். அதில் உங்களுக்கு வேண்டியது காவிக்கு சன்செட் எல்லோ, பச்சைக்கு டார்ட்ரசினும் பிரில்லியன்ட் புளூவும் கலந்தது. பெயரும் உரிம எண்ணும் அச்சிட்ட டப்பாவாக வாங்குங்கள். இனிப்புக்கு உச்ச அளவு ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் நிறம், அதாவது 10 கிலோ இனிப்புக்கு ஒரே ஒரு கிராம். கடையில் விற்கிற டப்பாவில் பெரும்பாலும் உப்பும் வேறு மாவும் கலந்திருக்கும், சுத்தமான நிறம் கொஞ்சம்தான், அதனால் சிட்டிகைக் கணக்கை நம்பாமல் லேபிளைப் படித்துக் கணக்குப் போடுங்கள். சாயத்தை நேராகக் கொட்டாமல் ஒரு கிண்ணம் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாகச் சேர்த்தால் பாதி அளவிலேயே நிறுத்திவிடுவீர்கள்.

ஆனால் உங்கள் ஜனவரிக் கதையைப் படித்தால் சாயமே தேவைப்படாது என்று தோன்றுகிறது, ஏனென்றால் மூன்று தப்பில் இரண்டை அந்த எலுமிச்சம்பழம்தான் செய்திருக்கிறது. கீரையின் பச்சையில் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கும். புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது வெளியே போய்விடும், மிச்சம் இருப்பது நீங்கள் பார்த்த அந்தக் கீரைத்தண்டு நிறம். சங்குப்பூவும் அப்படித்தான், புளிப்பு இல்லாத வரை நீலம், எலுமிச்சை பட்டதும் ஊதா. சக்கரத்தை நேராக எலுமிச்சை கலந்த பர்ஃபி மேல் வரைந்திருக்கிறீர்கள், வேறென்ன ஆகும்.

கீரையை நன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம் போட்டு உடனே ஐஸ் தண்ணீரில் அமுக்குங்கள், அரைத்துப் பிழியுங்கள். பர்ஃபி இறக்குகிற நேரத்தில், அடுப்பை அணைத்த பிறகு சேர்த்துக் கிளறுங்கள். கீரை வேகும்போது மூடி போடாதீர்கள், கீரையின் சொந்தப் புளிப்பு ஆவியோடு வெளியே போகட்டும். ஒரு துளி சமையல் சோடா போட்டால் பச்சை இன்னும் நிற்கும், கொஞ்சம் கூடினால் சோப்பு வாடை வந்துவிடும், அதனால் துளி என்றால் துளிதான். பிஸ்தா வாங்க முடிந்தால் வெந்நீரில் போட்டுத் தோலை உரித்து அரைத்துச் சேருங்கள், தோலோடு அரைத்தால் பழுப்பாகும். விலையைப் பார்த்தால் பாதி பிஸ்தா, பாதி கீரை என்பது நியாயம்.

மாஸ்டர் சொன்ன பசு நெய் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பசும்பாலில் கேரட்டில் இருக்கிற அதே பீட்டா கரோட்டின் இருக்கிறது, எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் பாலும் நெய்யும் வெள்ளை.

பழைய உருளி:

இத்தனை வருஷம் எருமை நெய் வெள்ளை என்று மட்டும் தெரியும், ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கலர் விஷயத்தில் மட்டும் சார் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், அனுமதிச்ச கலரை அளவாகப் போட்ட இனிப்பை நாங்கள் தலைமுறையாக விற்றோம். ஆனால் சில்லறைப் பொட்டலம் வேண்டாம் என்பதில் நானும் அவர் பக்கம்.

கறுப்பு கவுன்:

கேக் விஷயத்துக்கு வருகிறேன். இதில் பயப்பட ஒன்று, பயப்படாமல் இருக்க ஒன்று. 1971ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் கொடி என்று சொல்லும்போது துணிக்கொடியை மட்டும் சொல்லவில்லை, எந்தப் பொருளால் செய்த கொடியின் உருவத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. பொது இடத்தில் அதை அவமதிக்கும்படி கிழித்தாலோ சிதைத்தாலோ மூன்றாண்டு வரை தண்டனை. கேக்கும் ஒரு பொருள்தானே என்று ஒருவர் நினைத்து வழக்குக்கே போய்விட்டார். நடந்தது உங்கள் கோயம்புத்தூரில்தான். 2013 கிறிஸ்துமஸ் விழா ஒன்றில் 6 அடிக்கு 5 அடியில் இந்திய வரைபடமும் மூவர்ணமும் அசோகச் சக்கரமுமாக ஒரு கேக் வெட்டினார்கள், அதன்மேல் புகார். 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதில் நாட்டை அவமதிக்கும் எண்ணம் எதுவும் இல்லை, இது அந்தச் சட்டத்தின்கீழ் குற்றமாகாது என்று முடித்துவைத்தார். ஆக, ஜெயிலுக்குப் போவீர்களோ என்ற கவலை வேண்டாம்.

ஆனால் கவனித்தீர்களா, கேக் வெட்டியது 2013, தீர்ப்பு வந்தது 2021. ஏழு வருஷத்துக்கு மேல். ஜெயிப்போம் என்று தெரிந்தாலும் ஒரு கேட்டரிங் ஆர்டருக்காக யாராவது அந்த வரிசையில் போய் நிற்பார்களா? என் யோசனை, மூன்று நிறம் மட்டும் வையுங்கள், சக்கரம் வேண்டாம். மூன்று நிறத்தில் பர்ஃபி என்றால் அது பர்ஃபி, சக்கரம் வைத்துவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது கொடி, அப்புறம் அதில் கத்தி வைக்கும்போது ஒருவராவது முகம் சுளிப்பார். கட்டாயம் வேண்டும் என்றால் வெட்டாத இடத்தில், சாப்பிடாத பொருளில் வையுங்கள். வரவேற்பு மேசையில் சங்குப்பூ இதழால் கோலம் போடலாம். ஆரம் 24, எண்ணிப் போடுங்கள், எண்ணுவதற்கென்றே ஒருவர் வருவார்.

தெம்பனிஸ் அக்கா:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஆகஸ்ட் 9 தேசிய தினம், சிவப்பு வெள்ளை இரண்டே நிறம், உங்கள் அளவுக்குப் பாடு இல்லை. இங்கே குவே லாபிஸ் என்று மலாய்க்காரர்கள் வீட்டிலும் சீனர் கடையிலும் கிடைக்கும், அரிசி மாவும் மரவள்ளி மாவும் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் கரைத்து, இட்லி மாதிரி ஆவியில் ஒவ்வொரு அடுக்காக வேகவைப்பது. தட்டை ஆவியில் வைத்தபடியே ஒரு கரண்டி ஊற்றி நாலைந்து நிமிஷம், மேலே ஈரம் காய்ந்ததும் அடுத்த கரண்டி. எங்கள் வீட்டில் தேசிய தினத்துக்கு அதுதான், என் பிள்ளைகள் ஒவ்வொரு அடுக்காக உரித்து உரித்துச் சாப்பிடுவார்கள். உங்களிடம் இட்லிப் பாத்திரம் இருக்கப்போகிறது, ஆவிக்குப் பஞ்சமில்லை, யோசித்துப் பாருங்கள். நெய் இல்லாததால் நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்காது, மாவு வெள்ளையும் தேங்காய்ப் பால் வெள்ளையும் சேர்ந்து வெள்ளை நன்றாகவே வரும். பச்சைக்கு ரம்பை (பாண்டன்) இலையைத் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து அந்தச் சாறு, மணத்துக்கு வேறு எதுவும் வேண்டாம், அங்கே நர்சரியில் செடி கிடைக்கும், இலைக்கு அலைய வேண்டியிருக்கலாம். இரண்டு விஷயம் மட்டும். முழுக்க ஆறாமல் வெட்டினால் ஈஷிக்கொள்ளும், கத்தியில் எண்ணெய் தடவி வெட்டுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், கல் மாதிரி ஆகிவிடும், தேங்காய்ப் பால் இருப்பதால் வைத்திருக்கவும் முடியாது. விடியற்காலை செய்து காலையில் கொடுத்துவிட வேண்டும்.

கொங்கு அடுப்படி:

அக்கா, படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது, ஆனால் 15ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு என் ஆவியெல்லாம் இட்லிக்கே போய்விடும். தீபாவளிக்கு நம் வீட்டுக்கு என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

இப்போது நிலவரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டு சோதனைக்குப் போட்டோம். மாஸ்டர் அண்ணா சொன்ன மாதிரியே தலைகீழாகக் கட்டினோம். கேரட் முதலில், எலுமிச்சை கண்ணில்கூடப் படவில்லை. ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, இரண்டு தடவை எழுந்து போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன், வீட்டுக்காரர் திட்டினார். காலையில் திருப்பிப்போட்டபோது ஒரு மூலை மட்டும் உடைந்தது, அந்த இடத்தில் பட்டர் பேப்பர் மடங்கியிருந்தது, அடுத்த தடவை பார்த்துப் போட வேண்டும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது! காவி இறங்கவே இல்லை. பச்சை, பாதி பிஸ்தா பாதி கீரை, கொஞ்சம் வெளிறியிருக்கிறது, ஆனால் பச்சை என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை. சோடா போடவில்லை, கை நடுங்கியது.

கடல்பாசியும் ஒட்டியது, வெட்டினால் மூன்றும் சேர்ந்தே வருகிறது. இளநீர் வெள்ளைதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் முதலில் காலியானது. அதை 14 ராத்திரி செய்து ஃப்ரிட்ஜில் வைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோய்க் கடைசியாக எடுத்து வைக்கலாம் என்று இருக்கிறேன். பாலும் தேங்காய்ப் பாலும் இருப்பதால் வெளியே அதிக நேரம் வைக்கப் பயம்.

செயலாளரிடம் கோர்ட் கதையைச் சொன்னேன். தீர்ப்பு நமக்குச் சாதகம்தானே என்று முதலில் குஷியாகிவிட்டார், ஏழு வருஷம் என்றதும் கேக் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சங்குப்பூக் கோலம் பெண்கள் குழு போடுகிறது. 24 ஆரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு கஷ்டம், தேங்காய் முதுகுத் தோல். ஒரு தட்டுக்கு ஏழெட்டுத் தேங்காய் சீவுவதற்குள் பெருவிரலில் கொப்புளம். இரண்டு தட்டு என்றால் 15 தேங்காய். இதற்கு ஏதாவது குறுக்கு வழி இருக்கிறதா?

பழைய உருளி:

உடைத்த மூடியை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வை, காலையில் எடுத்து ஓட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் பருப்பு முழுசாகக் கழன்று வரும். உருளைக்கிழங்கு சீவுகிற பீலரால் தோலை இழு, கத்தி வேண்டாம். அது இருக்கட்டும், கேரட் அடுக்குக்குமா தோல் சீவினாய்?

கொங்கு அடுப்படி:

ஆமாம் அண்ணா, மூன்றுக்கும்.

பழைய உருளி:

காவிக்குள்ளே பழுப்பு யாருக்குத் தெரியப்போகிறது? வெள்ளைக்கும் பச்சைக்கும் மட்டும் சீவு. நாலைந்து தேங்காய் மிச்சம்.